பதிகமும் பதினோராம் பாட்டும்

எங்கள் அத்தை தினமும் விளக்கேற்றியதும் கோளறு திருப்பதிகம் சொல்வார். பூஜை மாடத்தில் விபூதி மடலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு புத்தகம் இருக்கும். அட்டை போய், ஓரமெல்லாம் எண்ணெய் ஏறி, நடுப்பக்கத்தில் குங்குமம் படிந்தது. அத்தைக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம். ஆனாலும் புத்தகத்தைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்வார். பத்துப் பாட்டுவரை ஒரே சீராகப் போகும் குரல் பதினோராவது பாட்டில் கொஞ்சம் உயரும். அதை முடித்ததும் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

பள்ளிக்கூடத்தில் எண்ணுப்பெயர் படித்த புதிதில் ஒரு நாள் கேட்டேன்: "பதிகம்னா பத்துப் பாட்டுதானே அத்தை? இதுல பதினொண்ணு இருக்கே?"

"கடைசிப் பாட்டு பாடினவரோடதுடா. அதை விடக் கூடாது" என்றார். அந்தப் பதிலின் ஆழம் விளங்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

பதிகம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, எல்லாருக்கும் தெரிந்தது: தெய்வத்தின் மேல் பத்துப் பாட்டாகப் பாடிய தொகுதி. மற்றொன்று, புலவர்களுக்குத் தெரிந்தது: ஒரு நூலின் முன்னுரை. பாயிரத்துக்கு உரிய வேறு பெயர்களைச் சொல்லும் இடத்தில் நன்னூலார் முகவுரை, அணிந்துரை இவற்றோடு பதிகத்தையும் சேர்த்திருக்கிறார். சிலப்பதிகாரமும் மணிமேகலையும் பதிகத்தோடுதான் தொடங்குகின்றன. சிலப்பதிகாரப் பதிகம் கதை எப்படி இளங்கோவடிகளின் காதுக்கு வந்தது, நூலில் என்னென்ன காதைகள் உள்ளன என்பதையெல்லாம் சொல்லிவிடுகிறது. அதில் பத்து என்ற கணக்கே கிடையாது.

அகராதி பார்ப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத் தனித்தனியாக எழுதிவிட்டுப் போவார்கள். ஒரே சொல் பத்துப் பாட்டையும் முன்னுரையையும் ஏன் குறிக்க வேண்டும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் தமிழ்ப் பக்திப் பாட்டு ஆயிரத்துச் சொச்சம் வருஷம் பிழைத்துக் கிடந்த வழியே தெரிகிறது.

சொல்லின் பிறப்பைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. பத்து என்ற எண்ணிலிருந்து வந்தது என்பது ஒன்று. எட்டுப் பாட்டு அஷ்டகம் ஆனதுபோல, நூறு பாட்டு சதகம் ஆனதுபோல, பத்துப் பாட்டு பதிகம் ஆயிற்று என்பார்கள். மாணிக்கவாசகர் அச்சப்பத்து, ஆசைப்பத்து, அடைக்கலப்பத்து, யாத்திரைப்பத்து என்று எண்ணையே பெயராக வைத்திருப்பது இதற்குத் துணை. இன்னொரு கட்சி கல்வெட்டைக் காட்டும். சோழர் கல்வெட்டுகளில் இந்தச் சொல் 'திருப்பதியம்' என்றே இருக்கிறது. அதனால் செய்யுளைக் குறிக்கும் 'பத்யம்' என்ற வடசொல்லோடு இதை உறவுபடுத்துகிறார்கள். பதியை, அதாவது தலத்தையும் தலைவனையும், பாடுவதால் பதிகம் என்று மேடையில் சொல்வார்கள். கேட்க இனிக்கும், ஆனால் அது பக்தர்கள் பிற்காலத்தில் சொல்லிய விளக்கம். தோட்டக்காரர் ரோஜாக் கிளையை வளைத்து மண்ணில் போடும் பதியம் வேறு. அது 'பதி' என்ற வினையின் பிள்ளை.

நான் பத்தின் பக்கம்தான். ஆனால் எண் மட்டும் போதாது என்றும் நினைக்கிறேன். சம்பந்தர் பதிகம் பெரும்பாலும் பதினொன்று. நம்மாழ்வார் திருவாய்மொழியில் நூறு பதிகம். ஒன்றைத் தவிர எல்லாமே பதினொன்று. ஒன்றில் மட்டும் பதின்மூன்று. ஆக மொத்தம் 1,102 பாசுரம். காரைக்காலம்மையார் திருவாலங்காட்டில் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் பதினொன்றுதான். சம்பந்தர், அப்பர், சுந்தரர் என்ற தேவார மூவருக்கும் முந்தியவை என்பதால் அவற்றுக்கு 'மூத்த' என்ற அடை. அந்த அம்மையாரும் கடைசிப் பாட்டில் தம்மைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்கிறார். ஆகவே பத்துப் பாட்டு பொருளுக்கு, பதினோராவது பாட்டு பெயருக்கு என்று தொடக்கத்திலேயே ஒரு வழக்கம் இருந்திருக்கிறது.

அந்தப் பதினோராவது பாட்டுக்குள் என்ன இருக்கும்? கோளறு பதிகத்தையே எடுத்துக்கொள்வோம். சம்பந்தர் திருமறைக்காட்டில், இன்றைய வேதாரண்யத்தில் இருக்கிறார். பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரின் அழைப்பு வந்து மதுரைக்குப் புறப்படுகிறார். நாளும் கோளும் சரியில்லை, இப்போது போக வேண்டாம் என்று அப்பர் தடுக்கிறார். அதற்கு மறுமொழியாகப் பிறந்தது இந்தப் பதிகம். முதல் பாட்டில் ஞாயிறு, திங்கள் என்று கோள்கள் வரிசையாக வந்து, அடியாருக்கு அவை நல்லவையே என்று முடியும். பிறகு நோய், விலங்கு, இடி, மின்னல் என்று மனிதன் அஞ்சும் ஒவ்வொன்றும் வந்து அடங்கும். பதினோராவது பாட்டில் பேச்சு சட்டென்று திரும்புகிறது. தேன் சொட்டும் சோலை, கரும்பு, செந்நெல் என்று தன் ஊரின் வயல்வெளி வருகிறது. பிரமாபுரம் என்று ஊர்ப்பெயர் வருகிறது. அந்த ஊர் ஞானமுனிவன் சொன்னது இது என்று வருகிறது. என்ன நோக்கத்துக்காகச் சொன்னது என்று வருகிறது. இதை ஓதுகிற அடியவர்கள் வானத்தை ஆள்வார்கள், இது என் ஆணை என்று முடிகிறது.

யார் பாடியது, எந்த ஊர்க்காரர், எதற்காகப் பாடினார், படிப்பவருக்கு என்ன கிடைக்கும். நாலும் ஒரே பாட்டில். சிலப்பதிகாரத்தின் முன்னால் நிற்கிற பதிகம் செய்கிற வேலையும் இதேதானே! முன்னுரை என்ற பதிகமும் பத்துப் பாட்டு என்ற பதிகமும் இங்கேதான் கை கோத்துக்கொள்கின்றன. இரண்டும் பாட்டின் கழுத்தில் பெயர்ச்சீட்டு கட்டிவிடுகிற ஏற்பாடு. ஒன்று வாசலில் கட்டுகிறது, ஒன்று கொல்லைப்புறத்தில்.

சைவ மரபு இந்தக் கடைசிப் பாட்டுக்கு வைத்த பெயர் திருக்கடைக்காப்பு. கடை என்றால் முடிவு. கடை என்றால் வாயிலும்கூட. பழந்தமிழில் வாயில் காவலரைக் கடைகாப்பாளர் என்பார்கள். முடிவில் நின்று காப்பது என்றாலும் சரி, வாசலில் நின்று காப்பது என்றாலும் சரி, இரண்டும் பொருந்துகிறது. இன்னொன்று கவனிக்க வேண்டும். பன்னிரு திருமுறையில் அப்பர் பாட்டுக்குத் தேவாரம் என்றும், சுந்தரர் பாட்டுக்குத் திருப்பாட்டு என்றும், சம்பந்தர் பாட்டுக்குத் திருக்கடைக்காப்பு என்றும் பெயர். அதாவது கடைசிப் பாட்டின் பெயரே முதல் மூன்று திருமுறைகள் முழுவதற்கும் பெயராகிவிட்டது. அத்தை சொன்னதைத்தான் திருமுறை தொகுத்தவர்களும் நினைத்திருக்கிறார்கள்.

பெயர்ச்சீட்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பதற்குப் பதிற்றுப்பத்தைவிட நல்ல சான்று இல்லை. பத்துச் சேர மன்னர்களைப் பத்துப் புலவர்கள் பத்துப் பத்துப் பாட்டாகப் பாடிய சங்க நூல் அது. ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் ஒரு பதிகம் உண்டு. பாடல்களுக்குப் பிந்திய காலத்தில் தொகுத்தவர்கள் சேர்த்தது. அரசன் யார், அவன் தாய் தந்தை யார், என்ன செய்தான், பாடிய புலவர் யார், என்ன பரிசில் பெற்றார், அரசன் எத்தனை ஆண்டு ஆண்டான் என்று கணக்காக எழுதியிருக்கும். காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்ற பெண்பாற்புலவர் ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் பெற்றது அதனால்தான் நமக்குத் தெரியும். கபிலருக்கு நன்றா என்ற குன்றின் மேல் ஏறி நின்று கண்ட நாட்டையெல்லாம் கொடுத்த செய்தியும் அங்கேதான் இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1904-ல் இந்த நூலை அச்சிட்டபோது முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. அவற்றோடு அவற்றின் பதிகங்களும் போய்விட்டன. நடுவில் உள்ள எட்டுப் புலவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். முதல்வரும் பத்தாமவரும் இருட்டில் நிற்கிறார்கள்.

ஆழ்வார்கள் பக்கத்தில் இந்தப் பெயர்ச்சீட்டு ஒரு நூலையே மீட்டுக் கொடுத்திருக்கிறது. வைணவ மரபு சொல்லும் நாதமுனிகள் கதை அது. காட்டுமன்னார்கோயிலில் யாத்திரை வந்தவர்கள் சிலர் குடந்தை ஆராவமுதன் மேல் ஒரு பதிகம் பாடுகிறார்கள். நாதமுனிகள் உருகிக் கேட்கிறார். கடைசிப் பாசுரத்தில் குருகூர்ச் சடகோபன், அதாவது நம்மாழ்வார், சொன்ன ஆயிரத்துள் இந்தப் பத்து என்று வருகிறது. ஆயிரமா? மீதி எங்கே? பாடியவர்களுக்குத் தெரியவில்லை. அவர் குடந்தைக்குப் போகிறார். அங்கிருந்து குருகூருக்கு, இன்றைய ஆழ்வார்திருநகரிக்குப் போகிறார். அங்கே மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் முறை ஓதி ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரமும் பெற்றார் என்பது குருபரம்பரைக் கதை. நம்பிக்கையுள்ளவர்கள் அருளைப் பார்க்கட்டும். நூல் தேடுகிறவர்கள் அந்தக் கடைசிப் பாசுரத்தைப் பார்க்கட்டும். ஊர்ப்பெயர், ஆசிரியர் பெயர், மொத்த எண்ணிக்கை மூன்றும் அதில் இருந்தன. ஒரு நூலகத்து அட்டையில் இதைவிட என்ன வேண்டும்?

சம்பந்தருக்கு இதேபோல் ஒன்று நடந்தது, இதற்குச் சான்று கல்லில் இருக்கிறது. திருவாரூர் மாவட்டத்தில் கொரடாச்சேரிப் பக்கம் திருவிடைவாய் என்ற ஊர். ஏட்டுச்சுவடிகளில் எங்கும் இல்லாத ஒரு பதிகம் அந்தக் கோயில் சுவரில் கல்வெட்டாக இருந்ததை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வெட்டுத் துறையினர் கண்டுபிடித்தார்கள். அதன் கடைசிப் பாட்டு வாய் திறந்து சொல்கிறது: விடைவாய் என்ற ஊரை, சோலை மணக்கும் காழியைச் சேர்ந்த ஞானசம்பந்தன் பாடிய தமிழ் இது, இதில் வல்லவர்கள் குற்றம் அற்றவர்கள். சுவடி கைவிட்ட பாட்டைக் கல் வைத்திருந்தது. கல்லில் இருந்தது யாருடையது என்பதைப் பாட்டே வைத்திருந்தது. இன்று தேவாரப் பதிப்புகளில் மூன்றாம் திருமுறைக்குப் பின் இந்தப் பதிகத்தைச் சேர்த்துப் படிக்கிறோம். பிழைத்தது இப்படிச் சில. மூவரும் பாடியவை ஒரு லட்சத்து மூவாயிரம் பதிகம் என்று மரபு சொல்கிறது. கையில் இருப்பவை எண்ணூறுக்கும் சற்றுக் குறைவு.

அப்பர் மட்டும் இந்த வழக்கத்துக்கு விலகி நிற்கிறார். அவர் பெயர் வைப்பதில்லை. அவர் பதிகங்களின் கடைசிப் பாட்டில் பெரும்பாலும் இராவணன் வருவான்: மலையை எடுத்தவன், விரலால் அழுத்தப்பட்டவன், பாடி அழுது அருள் பெற்றவன். சமணத்துக்குப் போய், சூலை நோயோடு திருவதிகைக்குத் திரும்பி வந்து, உழவாரம் பிடித்துக் கோயில் முற்றத்தில் புல் செதுக்கிய மனிதர் அவர். தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பிழை செய்து மன்னிக்கப்பட்ட ஒருவனை நிறுத்தி வைத்திருக்கிறார். எனக்கு அதுவும் ஒரு கையெழுத்தாகவே படுகிறது.

மற்றவர்களெல்லாம் மனம் திறந்து பெயர் போட்டிருக்கிறார்கள். சம்பந்தர் தன் ஊரின் பன்னிரண்டு பெயர்களில் காழி, புகலி, சண்பை, கொச்சை என்று மாற்றி மாற்றி எடுத்து வைப்பார். ஆண்டாள் தன் பெயரோடு தகப்பனார் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொல்வாள். குலசேகரர் கொல்லிக்கும் கூடலுக்கும் கோழிக்கும் தன்னைத் தலைவன் என்பார். ஒன்பதாம் திருமுறையில் தில்லையைப் பாடிய கண்டராதித்தர், செம்பியன் மாதேவியின் கணவர், கோழி வேந்தன் என்றும் தஞ்சையர் கோன் என்றும் கையெழுத்திடுகிறார். இவர்களைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் உறுதியாகச் சொல்லும் பல செய்திகளுக்கு இந்தக் கடைசிப் பாட்டுகளே முதல் ஆதாரம்.

புலவரின் பெயரைவிட எனக்கு அதிகம் பிடித்தது அந்தப் பாட்டில் வரும் இன்னொருவர். 'வல்லார்' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். இந்தப் பத்தும் வல்லார், இந்தத் தமிழ் மாலை வல்லார், பாட வல்லார் என்று. வல்லார் என்றால் தேர்ந்தவர், தடையில்லாமல் சொல்லக்கூடியவர். அது யார்? நம் அத்தைதான். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பாடியவர், பின்னால் விளக்கேற்றிவிட்டு உட்காரப்போகிற ஒரு பெண்ணுக்குப் பாட்டுக்குள்ளேயே இடம் போட்டு வைத்திருக்கிறார். படிப்பவரை இவ்வளவு மரியாதையோடு நினைத்த இலக்கிய வகை நம்மிடம் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

வல்லாருக்கு ஊதியமும் உண்டாயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவர் காலத்திலேயே, வேலூர்ப் பக்கத்துத் திருவல்லம் கல்வெட்டில் திருப்பதியம் பாடுவார் வந்துவிடுகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர்களையும், உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் என இருவரையும் சேர்த்து 50 பேரை அமர்த்தினான். ஆளுக்கு நாளொன்றுக்கு ஆடவல்லான் என்ற மரக்காலால் முக்குறுணி நெல். அவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறான். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்து யார் பாடுவது என்பதற்கும் ஏற்பாடு எழுதியிருக்கிறான். 'பாடுதல்' என்று சொல்லாமல் 'விண்ணப்பம் செய்தல்' என்று கல்வெட்டு சொல்வதையும் கவனியுங்கள். இன்றைக்கும் ஓதுவார்கள் நேரம் குறைவாக இருந்தால் பதிகத்தின் முதல் பாட்டையும் திருக்கடைக்காப்பையும் பாடி நிறைவு செய்வார்கள். நடுவில் எதை விட்டாலும் அதை விடுவதில்லை.

படிப்பவர்களுக்குத் துணை செய்யும் கருவிகளும் பதிகத்தைச் சுற்றி வளர்ந்தன. பண் வாரியாக அடுக்கினால் பண்முறை, ஊர் வாரியாக அடுக்கினால் தலமுறை. எண்ணூறு பதிகத்துக்குள் எங்கே நுழைவது என்று திகைப்பவருக்காக 25 பதிகங்களைப் பொறுக்கி, குருவருள், அஞ்செழுத்து, கோயில், அடிமைத்திறம் என்று எட்டுத் தலைப்பில் வைத்தது அகத்தியர் தேவாரத் திரட்டு. உமாபதி சிவாசாரியார் 99 பாடல்களைத் தம் திருவருட்பயனின் பத்து அதிகாரங்களுக்கு ஏற்ப வகுத்தது தேவார அருள்முறைத் திரட்டு. பின்னால் தி.வே. கோபாலையரின் பதிப்பைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வெளியிட்டபோது, ஆய்வுத்துணைக்கென்று தனித் தொகுதியே வந்தது. யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் இன்னொரு வழி உண்டு. வீட்டில் ஒருவர் காலமானால் அந்தியேட்டிக்கு அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலரில் தேவாரமும் திருவாசகமும் சேர்ப்பார்கள். பல வீடுகளில் பிள்ளைகள் கையில் எடுக்கும் முதல் திருமுறைப் புத்தகம், அட்டையில் தாத்தாவின் படம் போட்ட அந்த மலராகவே இருக்கும்.

பதிகம் சைவ, வைணவ எல்லைக்குள் நிற்கவும் இல்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை தேவமாதாவின் மேல் பெரியநாயகி அம்மாள் பதிகம் பாடினார். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகத்தின் நடுவே தேவாரம் என்ற பெயரிலேயே இயேசுவைப் பாடினார். வேறு நம்பிக்கை கொண்டவர்களும் உருகும்போது கையில் எடுத்தது இந்தப் பழைய வடிவத்தைத்தான்.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். மனம் சோர்ந்தவருக்குத் தெம்பு தரும் பாட்டுகளுக்கு இன்று குறைவே இல்லை. காலையில் கைப்பேசியைத் திறந்தால் நாலு வந்திருக்கும். பூப்படத்தின் மேல் அழகான எழுத்தில் எட்டு வரி. யார் எழுதியது? இருக்காது. என் நண்பர் ஒருவர், தாயார் மருத்துவமனையில் இருந்த நாட்களில், பிரார்த்தனையாக ஒரு சிறு கவிதை எழுதி நாலைந்து பேருக்கு அனுப்பினார். ஒரு வருஷம் கழித்து அதே கவிதை, நடுவில் இரண்டு வரி மாறி, கடைசி வரி இல்லாமல், பெயரும் இல்லாமல் ஒரு உறவுக்காரர் மூலம் அவருக்கே வந்து சேர்ந்தது. "அம்மா பேரை எடுத்துட்டாங்க" என்றுதான் அவர் வருத்தப்பட்டார். கடைசி வரியில் தாயார் பெயரை வைத்திருந்தாராம். அன்றைக்குத்தான் அத்தை சொன்னதன் பொருள் எனக்கு முழுசாக விளங்கியது.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்திப் பாட்டோ நம்பிக்கைப் பாட்டோ எழுதினால், உங்கள் பெயரையும் ஊரையும் பாட்டுக்குள்ளேயே, ஓசையோடு சேர்த்து வையுங்கள். கீழே தனியாகப் போட்ட பெயரை யாரும் வெட்டிவிடலாம். பாட்டில் கலந்த பெயரை வெட்டினால் பாட்டு நொண்டும். இதில் அகங்காரம் ஒன்றும் இல்லை, நம்மாழ்வாரும் ஆண்டாளும் செய்ததுதான்.

படிக்கிறவர்களுக்கும் ஒன்று. பதிகப் புத்தகம் வாங்கும்போது பதினோராவது பாட்டு இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பில் ஊரும் பண்ணும் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் சொல்லிக்கொடுக்க நேரம் என்றால் முதல் பாட்டைச் சொல்லிக்கொடுங்கள். இரண்டுக்கு நேரம் இருந்தால் திருக்கடைக்காப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை யாருக்காவது ஒரு கவிதை அனுப்புவதற்கு முன், எழுதியவர் யார் என்று ஐந்து நிமிடம் தேடிப் பெயரோடு அனுப்புங்கள்.